கை மறையும் தண்ணீர்

வாழ்நாள் முழுக்க நகரப் பேருந்து ஓட்டிய மனிதர் என் வீட்டுக்காரர் தெருயுகி. விடுமுறை நாளில் எங்காவது போகலாமா என்று கேட்டால், பஸ்ஸை விட்டு இறங்கினவனை மறுபடி வண்டி ஏறச் சொல்கிறாயே என்று குப்புறப் படுத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர், ஓய்வு பெற்ற வருடத்து இலையுதிர் காலத்தில், சாப்பாட்டு மேசை முழுக்கச் சாலை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஊர் செண்டாயிலிருந்து கிளம்பி ஹச்சிமன்தாய் மலைச்சாலை வழியாகத் தாசாவா ஏரி வரை போகலாம். வழியில் பகலோடு ஏறி இறங்கிவிடக்கூடிய இரண்டு மலைகள், ராத்திரிக்கு வெந்நீர் ஊற்று விடுதிகள். நாம் இரண்டு பேர் மட்டும் என்றார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சும்மா வரவில்லை. என் தங்கை மாச்சிகோவின் எதிர்வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கையோடு மனைவியை ஊற்று விடுதிக்குக் கூட்டிப் போய், நண்டும் சாகே மதுவுமாக உபசரித்து, மறுநாள் காலை விவாகரத்துப் பேச்சை எடுத்தாராம். வழக்கமாகப் புருஷன் ஓய்வு பெறட்டும் என்று காத்திருந்து பெண்டாட்டிதான் கழற்றிவிடுவாள். அந்த எதிர்வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அக்கா, திடீர்னு பாசம் பொங்குதுன்னா கொஞ்சம் உஷாரா இரு" என்றாள் மாச்சிகோ.

உஷாராக இருக்க எனக்குக் காரணமும் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் புற்றுநோய் வந்து என் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வெந்நீர் ஊற்றுப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை. அங்கே பொதுத் தொட்டியில் எல்லாப் பெண்களோடும் பொட்டுத் துணியில்லாமல்தான் இறங்க வேண்டும். வீட்டிலும் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் உடை மாற்றுவேன். ஏன் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்காத மனுஷனை என்னவென்று எடுத்துக்கொள்வது? பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொண்டேன். பிடிக்காத பெண்டாட்டியை மலைக்கும் ஊற்றுக்கும் கூட்டிப் போவானேன்?

அதனால் அவரை நோட்டம் விட ஆரம்பித்தேன். நாங்கள் கல்யாணமான புதிதில் போன ஆற்றங்கரை விடுதி வழியிலேயே இருந்தது. அதைச் சொன்னதுமே சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டார். அங்கே தண்ணீர் ரொம்பத் தெளிவு என்றார். தெளிவாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்டதற்குப் பென்சிலைச் சீவ உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பதிலாக ஏரிக்கு மேற்கே, மலைக்குள் ஒளிந்திருக்கிற ஏதோ ஒரு சின்ன விடுதிக்காக ஒரு மணி நேரம் சுற்றிப் போக வேண்டுமாம். ஒரு நிறுத்தம் தள்ளி இறக்கிவிடச் சொன்னால் பயணியிடம் சண்டைக்குப் போகிறவர் இவர்.

தொலைபேசி விவகாரம் இன்னும் மோசம். கூடத்துத் தொலைபேசியில் யாரிடமோ குரலைத் தாழ்த்திப் பேசுவார். நான் தேநீரோடு வந்தால் சட்டென்று வைத்துவிடுவார். ஒரு நாள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சிரிப்பது எனக்கே கேட்டது. என்னோடு பேசுவதைவிடச் சோற்றுப் பானையோடு அதிகம் பேசுகிற மனுஷன், எவளையோ சிரிக்கவைக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மலைப்பாதைக்கு வண்டியைத் தயார் செய்ய வேண்டும் என்று அவர் பட்டறைக்குப் போன மதியம், கடைசியாகப் பேசிய எண்ணுக்கே போகும் பொத்தானை அழுத்தினேன். எடுத்தது அந்தச் சின்ன விடுதியை நடத்துகிற அம்மாள். பெயரைச் சொன்னதுமே அதே சிரிப்பு.

"ஓ, தண்ணி வெள்ளையான்னு கேட்டுக்கிட்டே இருப்பாரே, அவரு வீட்டம்மாவா? எங்க ஊத்து பால் மாதிரிதான் இருக்கும்னு சொன்னேன். நம்பல. கைய விட்டுப் பாத்துச் சொல்லுங்கன்னாரு. மணிக்கட்டோட மறைஞ்சுடுச்சுன்னு சொன்னேன். மறுநாள் கூப்பிட்டு, உச்சி வெயில்லயும் தெரியாதான்னு கேக்கறாரு."

ரவுடிக் கும்பல்காரர்கள் மாதிரி முதுகில் பச்சை குத்தியவராக இருக்கும், மறைத்துக்கொண்டு குளிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தாளாம். பச்சை குத்தியவர்களை விடுவதில்லை என்று கண்டிப்பாகச் சொல்லியும் இருக்கிறாள்.

"அதுக்கு அவரு, நான் கேக்கறது பொம்பளைங்க பக்கத்துத் தொட்டியைப் பத்தின்னாரு. தப்பா நினைக்காதீங்கம்மா, அப்பதான் எட்டிப் பாக்கற ஆளோன்னு எனக்கே சந்தேகம் வந்துச்சு."

தொலைபேசியை வைத்தேன். புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இன்னொருத்தி இருந்திருந்தால்கூட இப்படி எரிந்திருக்காது.

அவர் கையெல்லாம் எண்ணெய்க் கறையோடு உள்ளே வந்தார். பெண்கள் தொட்டியில் கை தெரிகிறதா இல்லையா என்பது உங்களுக்கு எதற்கு என்று வாசலிலேயே கேட்டேன். அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"வெள்ளையா இருந்தா உள்ள இருக்கறது வெளிய தெரியாதில்ல. நீ பயப்படாம எறங்குவேன்னு பாத்தேன்."

"என்னை ஒளிச்சு வெச்சுக் கூட்டிட்டுப் போறீங்களா? அவ்வளவு அசிங்கமாவா இருக்கேன்?" என்றேன். "சரி, எறங்கறதுக்கு முன்னாடி ஸ்டூலப் போட்டு உக்காந்து, எல்லாப் பொம்பளைங்க முன்னாடியும் தேய்ச்சுக் குளிக்கணுமே. அந்தக் குழாயிலயும் பாலா வருது?"

அவர் என்னையே பார்த்தார். பிறந்ததிலிருந்து உடம்பைக் கழுவாமல் ஒரு தொட்டியிலும் கால் வைக்காத மனுஷன். வாரக்கணக்கில் திட்டம் போட்டும் அது அவருக்குத் தோன்றவே இல்லை. தொட்டியை மட்டுமே நினைத்திருக்கிறார். நாற்காலியை இழுத்து, வரைபடத்தின் முன் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அத யோசிக்கல" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நானே பாக்கலையே, சுமீயே. மூணு வருஷமா நீ எனக்கே காட்டல. கட்டினவனே பாக்காதத ஊர்ப் பொம்பளைங்க எதுக்குப் பாக்கணும்? அதான்."

"நீங்க கேக்கலையே."

"கதவத் தாழ் போட்டவ, கேட்டா வீட்டவிட்டே போயிடுவியோன்னு இருந்துச்சு."

இத்தனை நாள் நான் அவரைச் சந்தேகப்பட்டதுபோல அவர் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு முட்டாள்கள்.

எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். விளக்கைப் போட்டேன். மேசை மேலிருந்த அவருடைய மூக்குக் கண்ணாடியை எடுத்து நீட்டினேன். வாங்கிப் போட்டுக்கொண்டார். நான் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். வெட்கமாக இருந்தது. அவர் என் தழும்பைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். லேசாக ஒரு சுளிப்பு தெரிந்தாலும் போதும், பிடித்துவிடுவேன் என்று வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். சுளிப்பு வரவில்லை. அவர் கை பாதி தூரம் வந்து நின்றது.

"தொடலாமா?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அனுமதி கேட்ட முதல் தடவை அது. கையைக் கழுவிவிட்டு வாருங்கள், எல்லாம் எண்ணெய் என்றேன்.

அடுப்படிக்குப் போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. சோப்புப் போட்டுத் தேய்க்கிற சத்தமும் கேட்டது. அதன் பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு நான் காத்திருந்தேன். பயந்து அங்கேயே நின்றுவிட்டாரோ என்று பழைய சந்தேகம் மறுபடி தலைதூக்கியது.

"கழுவியாச்சில்ல, இன்னும் என்ன?" என்று குரல் கொடுத்தேன்.

"இரு. கை சில்லுன்னு இருக்கு. தண்ணி சூடாகட்டும்."

ஆபரேஷன் அன்றுகூட அழாத நான், அப்போதுதான் அழுதேன்.