தவளைக்கு ஒரு சிபாரிசு

என் கணவருக்குத் தவளை என்றால் உயிர். கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் தவளை இருக்கும். கேட்டால், "மூடிதான் போட்டிருக்கேனே" என்பார்.

ஒரு மலை ஓடையில் ராத்திரி கேட்ட குரலை வைத்து, அது உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம் என்று அடித்துச் சொன்னார். பிடித்துக் காட்டாமல் யார் நம்புவார்கள்? மலையோ தனியார் சொத்து. மறுபடி போனபோது காவலாளி நாயை அவிழ்த்துவிட்டான்.

மலைக்குச் சொந்தக்காரரான பெரியவரிடம் என் அக்கா வீட்டுக்காரர் கார் ஓட்டுகிறார். அவர் கையைக் காலைப் பிடித்து நேரம் வாங்கினேன்.

பெரியவர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். "எத்தனை தவளை வேணும்?"

"ரெண்டு ஜோடி போதுங்க" என்றார் இவர்.

"இதுக்கா இவ்வளவு கும்பிடு? எந்த ஓடை?"

இவர் படமே வரைந்து கொடுத்தார். அதோடு எழுந்து வந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. பெரியவரைக் குளிர வைப்பதாக நினைப்பு.

"ஒண்ணைப் பிடிச்சு நிரூபிச்சுட்டா போதுங்க, அப்புறம் அந்த மலையில ஒரு கல்லை யாராலயும் அசைக்க முடியாது. அரசாங்கமே காவல் போடும்."

அக்கா வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அங்கே கல்குவாரி வரப்போவது அவருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது.

"தவளை இல்லைன்னா?" என்று கேட்டார் பெரியவர்.

"இல்லைன்னா வெறும் பாறைதாங்க."

"மழை விடட்டும். நானே ஏற்பாடு பண்றேன்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார் பெரியவர். பஸ்ஸில் இவர் அந்தத் தவளை மாதிரியே கத்திக் காட்டினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மழை விட்டதும் அக்கா வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் கேனோடு வந்தார். தெருமுனையிலேயே நாற்றம் வந்துவிட்டது.

"சார் எதுக்கு அலையணும்னு பெரியவரே ஆளை விட்டாரு. ஓடையில மருந்து ஊத்தி, ஒண்ணு விடாம பொறுக்கியாச்சு. இனிமே நீங்க எப்ப வேணா மலைக்குப் போகலாமாம்."

அந்த ஆளின் முகத்தில் காறித் துப்பத் தோன்றியது. அக்காவை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

இவர் அடுக்களைத் தரையில் செய்தித்தாளை விரித்து, அழுகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஏதாவது அசைகிறதா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் ஒன்றின் காலை விரித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சந்தேகமே இல்ல" என்றார் என்னிடம். "புது இனம்தான்."