நெல் காயட்டும்

பஞ்சநதத்திடம் ஒரு கோளாறு உண்டு. உண்மையைச் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. ஜெயிலிலிருந்து வந்த பிறகோ, உண்மையைச் சொன்னால் சோறே கிடைக்கவில்லை. ஒரத்தநாட்டைச் சுற்றி எந்த மில்லுக்குப் போனாலும் வாசலிலேயே, "இதுக்கு முன்ன எங்கப்பா இருந்தே?" என்பார்கள். இந்த மகராசனும், "திருச்சி ஜெயில்லங்க" என்பான். அவ்வளவுதான், கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

மிச்சமிருந்தது கமருன்னிஸா அம்மாவின் ரைஸ் மில் ஒன்றுதான். வம்பே அங்கேதான் இருந்தது. கூலிச் சட்டம் வந்த வருஷம், சட்டப்படி கூலி அளக்க மறுத்த மிராசுதார் நெல்லையெல்லாம் கொண்டுபோய் அடைத்தது அந்த மில் குடோனில். கூலி நெல்லுக்காக அதன் பூட்டைக் கடப்பாரையால் உடைத்து உள்ளே போய், அதற்காகவே ஜெயிலுக்கும் போனவன் சாட்சாத் பஞ்சநதம்.

"அவங்களா கேக்காம வாயைத் தொறந்தீங்க, பாத்துக்குங்க!" என்று மாசமாக இருந்த அவன் பெண்டாட்டி ஆனந்தவல்லி தன் தலையில் சத்தியம் வாங்கித்தான் அனுப்பினாள்.

மில்லில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கமருன்னிஸா களத்தைக் காட்டினார். அவித்த நெல் ஆவி பறக்கக் குவிந்து கிடந்தது. பஞ்சநதம் அதைப் பரப்பி, காலால் கோடு கோடாகத் துழாவிவிட்டான்.

மத்தியானம் இலை போட்டார்கள். பாழாய்ப்போன சோறு இறங்கினால்தானே! சத்தியம் காற்றோடு போயிற்று.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். நான் வந்து..."

"நெல் காஞ்சிடுச்சா தம்பி?"

"இன்னும் இல்லம்மா."

"அப்ப சாப்பிடு. எங்க அத்தா காலத்து வழக்கம் இது. போட்ட நெல் காயற வரைக்கும் புது ஆளுகிட்ட பழைய கதை கேக்கவும் மாட்டோம், சொல்லவும் விடமாட்டோம்."

பிற்பகலில் மேகம் திரண்டது. பஞ்சநதம் பறந்து பறந்து நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டான். வானம் வெளுத்ததும் மறுபடி பரப்பினான். அந்நேரம் பார்த்து டவுனிலிருந்து திரும்பிய கணக்குப்பிள்ளை சிங்காரவேலு அலறினார்.

"ஐயையோ! அம்மா, இவன் யாரு தெரியுமா?"

"நெல் காஞ்சிடுச்சாய்யா?" என்றார் கமருன்னிஸா. கணக்குப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே போய்க் கணக்கு நோட்டைப் பிரித்தார்.

பொழுது சாய, கமருன்னிஸா ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தார். "காஞ்சிடுச்சு. இப்பச் சொல்லு."

சொன்னான். சொல்லி முடித்ததும், ஆனந்தவல்லியின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நினைத்தபடி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"தெரியும்ப்பா. காலையில நீ வாசல்ல நின்னப்பவே தெரியும். கோர்ட்டுல உன்னைப் பாத்தவதானே நான்."

"பின்ன ஏம்மா உள்ள விட்டீங்க?"

"தெரிஞ்சதை வச்சுன்னா விட்டிருக்கவே மாட்டேன். கோவம் இல்லாமயா? அதுக்குத்தான் அத்தா இந்த வழக்கத்தை வச்சாங்க. இன்னைக்குப் பாத்ததை வச்சுத்தான் வேலை." இடுப்பிலிருந்து குடோன் சாவியை எடுத்து நீட்டினார்.

"பூட்டை உடைச்சவன்கிட்ட சாவியா!" என்று சிங்காரவேலு தலையில் அடித்துக்கொண்டார்.

"சாவி கையில இருக்கறவன் எதுக்குய்யா உடைக்கப்போறான்?"

பஞ்சநதத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. போய்க் குடோனைப் பூட்டினான். பூட்டை இழுத்துப் பார்த்தான். வீட்டுக்குக் கிளம்ப வேண்டியவன், அங்கேயே நின்று தலையைச் சொறிந்தான். கோளாறு விடுமா?

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தப் பூட்டு தாங்காது. அன்னைக்கும் இதே ரகந்தான். ரெண்டே போடுல விட்டுடுச்சு."