மேல் கொக்கி

இடது கால் தோல் ஷூவுக்குள் போய்விட்டது. வலது குதிகாலை உள்ளங்கையில் ஏந்தியபடி ஹார்ட்விக் நிமிர்ந்து பார்த்தார்.

“இந்த ஷூ வேணாம், ஸ்கீ பூட்ஸோடதான் புதைக்கணும்னு சொல்லியிருந்தாரே உங்க அப்பா.”

புர்கி தலையணை உறையை நீவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மூன்று முறை நீவிய உறை.

“பூட்ஸ் இல்லையே மாமா.”

“தெரியும். நான்தானே திருடினேன்.”

சிரிக்காமல்தான் சொன்னார். கால்டன் மலையூரில் தச்சு வேலைக்கும் சவப்பெட்டிக்கும் ஒரே ஆள், ஹார்ட்விக். புர்கி குழந்தையாக இருந்தபோது கோயிலில் அவளைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பனும் அவர்தான். எழுபது வயது. இரண்டு வருடமாக இந்த வீட்டு வாசலை மிதிக்காதவர். காலை ஐந்து மணிக்கு புர்கியின் அப்பா ரோமெட் மூச்சை நிறுத்தினார். ஆறு மணிக்கு டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு கூப்பிட வேறு ஆள் கிடையாது. ஹார்ட்விக் வந்தார், பனியைத் தட்டிவிட்டு மாடியேறினார், செத்தவருக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் வேலையை ஆரம்பித்தார்.

வழக்கப்படி ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே போக வேண்டிய உயிர் போனதோ இல்லையோ, பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. மூன்று குளிர்காலம் ஊரை ஏய்த்த பனி நேற்று மதியம் பிடித்து, விட்டபாடில்லை. நேற்று சாயங்காலம்தான் அப்பா கண்ணை மூடியபடி எவ்வளவு விழுந்திருக்கிறது என்று கேட்டார். ஆசைப்பட்டு எழுந்துவிடக் கூடாதே என்று முப்பது சென்டிமீட்டர் என்றாள். தெருவில் சத்தமே இல்லை, முப்பதுக்கு இவ்வளவு அமைதி வராது, அறுபதுக்குக் குறையாது என்றார். நாற்பது என்று இறங்கி வந்தாள். அவர் இறங்கவில்லை. அவர் தூங்கியதும் ஜன்னல் கட்டையில் அளந்தபோது அறுபத்திரண்டு.

தூரத்தில் வெடிச் சத்தம் ஒன்று கேட்டு, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சரிந்து விழக் காத்திருக்கும் பனியை ராஸ்கார் மலைமேல் வெடிவைத்துத் தளர்த்துகிறார்கள். அது முடிந்தால்தான் ரோப் கார் ஓடும்.

ஹார்ட்விக் மாட்டிய ஷூவைத் திரும்பக் கழற்றினார். கணுக்காலை மெல்ல மடக்கிப் பார்த்தார். “தாடை இறுகிடுச்சு. கால் இன்னும் கேக்குது. ஒன்பது மணி வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் ஸ்கீ பூட்ஸ் போட முடியாது. கணுக்கால் மடங்கணும் அதுக்கு.”

“பிளாஸ்டிக் பூட்ஸைக் கல்லறைத் தோட்டத்துல விடுவாங்களா?”

“விடமாட்டாங்க. போர்வைக்குள்ள முட்டிக்கிட்டுதான் நிக்கும். பாதிரியார் சறுக்கப் பழகினதே உங்க அப்பாகிட்ட. அவருக்குக் கண்ணு தெரியாமப் போயிடும்.”

ரோமெட்டின் கால் விரல்கள் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தன. இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்துச் செத்திருந்தன. புர்கி போர்வையை இழுத்து மூடினாள்.

ரோமெட்டுக்குக் கெட்ட பருவம் என்று ஒன்று இருந்ததே இல்லை. இடுப்பளவு பனி விழுந்த வருடங்களில் எல்லோரையும் போலக் கூவிக்கொண்டு இறங்குவார். பனி ஏமாற்றிய வருடங்களில், புல்வெளிக்கு நடுவே காயத்துக்குக் கட்டுப்போட்ட மாதிரி இயந்திரப் பனியில் ஒரே ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். மற்றவர்கள் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். ரோமெட் ஒன்பது மணிக்கு அதில் நிற்பார். காலையில் பல்லைக் கிட்ட வைக்கும் ஐஸ், மதியம் கஞ்சியாய் இளகிய பனி, ஓரத்தில் போன கோடையின் சாணி. எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு ருசி இருந்தது. நல்ல பனி தன்னை மெச்சும், கெட்ட பனி தனக்குப் பரீட்சை வைக்கும் என்பார். ஒவ்வொரு குளிர்காலமும் எத்தனை நாள் சறுக்கினார் என்பதை பூட்ஸின் உள்ளுறையில், நாக்குக்குப் பின்புறம், அழியாத மையில் எழுதி வைப்பார். நல்ல வருடம் நூற்று முப்பத்தொன்று. படு மோசமான வருடம் தொண்ணூற்று நான்கு.

அந்த பூட்ஸ் பதினாலு வருடத்துக்கு முன் இவர்களின் ஸ்கீ வாடகைக் கடைக்கு மொத்தமாக வந்த இருபது ஜோடியில் ஒன்று. இருபதும் சிவப்பு. ஒன்றை ரோமெட் எடுத்தார், ஒன்றை ஹார்ட்விக்குக் கொடுத்தார், மற்றதெல்லாம் வாடகைக்குப் போயிற்று. ரோப் கார் நிலையத்தில், பூட்ஸ் காயவைக்கும் சூடான அறையில் இருவர் பூட்ஸும் பக்கத்துப் பக்கத்து முளையில் தொங்கும். இருவரும் வடத்தில் தொங்கும் ஒரே இரட்டை நாற்காலியில் மேலே போவார்கள். பூட்ஸின் மேல் கொக்கியை மட்டும் மலை உச்சிக்குப் போன பிறகுதான் மாட்ட வேண்டும் என்பது ரோமெட் சட்டம். அதுவரை அது திறந்தே தொங்கும். கீழேயே எல்லாவற்றையும் இறுக்கிக்கொண்டு விறைப்பாக நடக்கும் விருந்தாளிகளைக் காட்டி, “வீட்லயே சாப்பிட்டுட்டு விருந்துக்குப் போறான் பாரு” என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் டாக்டர் இதய வால்வைப் பற்றிச் சொல்லி, இனிமேல் சறுக்கக் கூடாது என்றார். ரோமெட் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மறுநாள் முதல் ஆளாக மேலே போனார். அன்று சாயங்காலம் புர்கி சூடான அறைக்குப் போய், அப்பாவின் பூட்ஸைக் கோட்டுக்குள் மறைத்து எடுத்துவந்தாள். பூட்ஸ் இல்லாவிட்டால் நிற்பார் என்று நினைத்தாள். ஐம்பது வயதில் அப்படியொரு தப்புக் கணிப்பு. அவர் நிற்கவில்லை. கடை அலமாரியிலிருந்து கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு போனார். அது அவர் காலுக்குக் குறுகல். அதற்கு முன் சூடான அறையில் எல்லோர் முன்னிலையிலும் ஹார்ட்விக்கின் பூட்ஸைக் கவிழ்த்து, நாக்கை வெளியே இழுத்துத் தேடினார். எண்கள் இல்லை. உள்ளுறையை மாற்றிவிட்டான், பழகின பூட்ஸ் மேல் ஆசைப்பட்டுவிட்டான் என்று தீர்ப்புச் சொன்னார்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். ஒரு மாதம் கழித்துச் சொல்வது அசிங்கம், ஒரு வருடம் கழித்துச் சொல்வது முடியாத காரியம். இரண்டு கெட்ட பருவத்திலும் அந்த ஒற்றை வெள்ளைப் பட்டையில், முன் நாற்காலியில் ஒருவரும் பின் நாற்காலியில் ஒருவருமாக, இரண்டு கிழவர்களும் ஒரு வார்த்தை பேசாமல் ஏறி இறங்கினார்கள். புர்கி எடுத்த பூட்ஸோ, கடையின் அடி வரிசையில் நூற்றுப் பதினேழு என்ற வாடகை எண் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“என் பூட்ஸ் அதே சைஸ்தான்,” என்றார் ஹார்ட்விக். “அதைக் கொண்டுவந்து போட்டுடறேன்.”

புர்கி அவரைப் பார்த்தாள். “அப்போ நீங்க?”

“நான் வேற வாங்கிக்கறேன். புது பூட்ஸோட வரிசையில நின்னா, பாத்தியா, எடுத்தவனே திருப்பிக் குடுத்துட்டான்னு ஊர் பேசும். பேசட்டும். அவர் வெறும் காலோட போறதுக்கு அது தேவலை.”

அவர் கம்பளிக் கோட்டை எடுக்கத் திரும்பினார். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அப்பாவோடு சேர்ந்து அந்த ரகசியமும் மண்ணுக்குள் போய்விடும்.

“இருங்க மாமா. எனக்கு ஒன்பது மணி வரைக்கும் டைம் குடுங்க.”

“எதுக்கு?”

“குடுங்க.”

இந்த வீட்டுக்காரர்களோடு நாற்பது வருடம் பேரம் பேசியவர் அன்று பேசவில்லை. கோட்டைத் திரும்பத் தொங்கவிட்டு, வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து ரோமெட்டின் கணுக்காலில் சுற்றினார். “போ. நான் மடக்கி மடக்கி விட்டுட்டிருக்கேன்.”

வீடு மேலே, கடை கீழே. தம்பி லோரென்ஸ் அழுத கண்ணோடு ஆட்களுக்கு ஸ்கீ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்பன் செத்த அன்று கடையைத் திறந்ததற்கு ஊர் ஏதாவது சொல்லுமோ என்று அவனுக்குப் பயம். மூன்று வருடத்தில் முதல் பனிக்குத் திறக்காவிட்டால் அப்பனே எழுந்து வந்து சொல்லுவாரோ என்று அதைவிடப் பயம். புர்கி அடி வரிசையில் குனிந்தாள். நூற்றுப் பதினாறு இருந்தது. நூற்றுப் பதினெட்டு இருந்தது.

“அதுவா? நேத்து சாயங்காலம் போச்சு,” என்றான் லோரென்ஸ். “ஒரு டச்சுக்காரர். நாப்பத்திரண்டு சைஸ்ல வேற எதுவும் அவருக்குச் சரியா வரல. ஏன்க்கா?”

“எங்க இருப்பாரு?”

“முதல் ரோப் காருக்குன்னாரு. பச்சைத் தொப்பி. ஏன்னு கேக்கறேன்ல?”

அவள் அலமாரியிலிருந்து கடையிலேயே உசத்தியான ஒரு புது ஜோடியை உருவிக்கொண்டு ஓடினாள்.

எட்டே கால். ரோப் கார் வாசலில் இருநூறு பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மூன்று வருடப் பசி. ஒருவர் முகத்திலும் பொறுமை இல்லை. பச்சைத் தொப்பிகள் ஏழெட்டு இருந்தன. புர்கி தலைகளை விட்டுவிட்டுக் கால்களைப் பார்த்தபடி நுழைந்தாள். கறுப்பு, வெள்ளை, நீலம், கறுப்பு. திட்டினார்கள். வரிசை தெரியாதா என்று ஜெர்மன் அம்மாள் ஒருத்தி ஸ்கீ கம்பைக் குறுக்கே நீட்டினாள். மலைமேல் இன்னொரு வெடி. இதுதான் கடைசி என்று யாரோ சொன்னதும் கூட்டம் ஒரே உடம்பாக முன்னே நகர்ந்தது.

சிவப்பு பூட்ஸ் வாசல் கம்பியை ஒட்டி நின்றது. மேல் கொக்கி வரை இறுக்கி மாட்டியிருந்தது.

புர்கி மூச்சு வாங்கியபடி புது ஜோடியை நீட்டினாள். கடையில் தப்பாகக் கொடுத்துவிட்டார்கள், இது இதைவிட நல்லது, மாற்றிக்கொள்ளுங்கள் என்றாள். டச்சுக்காரர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வேண்டாம், இதுவே வசதி, யாரோ தனக்கென்றே காலை அளந்து செய்தது போல இருக்கிறது என்றார். வாரம் முழுக்க வாடகை வேண்டாம் என்றாள். அவர் ஓர் அடி பின்வாங்கினார். வாயிலிருந்து வார்த்தை விழுந்த கணமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கடைக்காரன் தானாக இறங்கி வந்தால் வாங்குகிறவன் பையைப் பிடித்துக்கொள்வான் என்பது பிறந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த விஷயம்.

“பழசுக்குப் புதுசு குடுக்கறீங்க, வாடகையும் வேணாங்கறீங்க,” என்றார் அவர். “இதுல என்ன இருக்கு?”

வாசலில் சீட்டுப் பார்க்கும் ஃபெர்டில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கால்டனில் அவன் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் எல்லாச் சமையலறைக்கும் போய்ச் சேரும்.

“எங்க அப்பாவோட பூட்ஸ்,” என்றாள். “இன்னிக்குக் காலைல இறந்துட்டார். அவருக்குப் போடணும்.” அதோடு நிறுத்தியிருந்தால் போதும். “வேற யாரும் எடுக்கல. நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன்.”

டச்சுக்காரருக்குப் பின்பாதி விளங்கவில்லை. ஃபெர்டிலுக்கு விளங்கியது. அவன் தொப்பியைக் கழற்றினான். டச்சுக்காரர் பனியிலேயே உட்கார்ந்து கொக்கிகளைத் தட்டித் திறக்க ஆரம்பித்தார். வலது கால் வர மறுத்தது. புர்கி மண்டியிட்டு இழுத்தாள். உள்ளே சூடாக இருந்தது. புது ஜோடியை அவர் மடியில் வைத்துவிட்டு, சிவப்பு பூட்ஸ் இரண்டையும் கோட்டுக்குள், நெஞ்சோடு அணைத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டு திரும்பி ஓடினாள். இந்தக் குளிரில் ஐந்து நிமிடம் வெளியே வைத்தால் பிளாஸ்டிக் கல்லாகிவிடும்.

மாடியில் ஹார்ட்விக் அதே இடத்தில் உட்கார்ந்து, அதே காலை மடக்கிக்கொண்டிருந்தார். துண்டிலிருந்து ஆவி வருவது நின்றிருந்தது. புர்கி கோட்டைத் திறந்து பூட்ஸைக் கட்டில்மேல் வைத்தாள். எண் ஒட்டிய பக்கத்தைத் திருப்பி மறைக்கவில்லை.

அவர் ஒன்றை எடுத்தார். நாக்கை வெளியே இழுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எண்களைப் படித்தார். மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக, அந்தந்தக் குளிர்காலம் ஞாபகம் வரும் அளவுக்கு மெதுவாக. கடைசி எண்ணுக்குக் கீழே வெறும் துணி.

“எங்க இருந்துச்சு?”

“கடையில.”

“எப்போலேருந்து?”

“அன்னிலேருந்தே மாமா.”

ஜன்னல் வழியாகப் பனி வந்து கட்டிலின் இரும்புமேல் விழுந்தது. அவர் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு முறை ரோமெட்டின் முகத்தைப் பார்த்தார். திட்டினால் நல்லது என்று புர்கிக்குத் தோன்றியது.

“சூடு ஆறதுக்குள்ள போடணும்,” என்றார். “நீ குதிகாலைப் புடி.”

இடது கணுக்கால் பாதி வரை மடங்கி நின்றது. அவர் முழங்காலால் கட்டிலை அணைத்துக்கொண்டு பூட்ஸின் வாயை இரண்டு கையாலும் விரித்தார், அவள் தள்ளினாள். உள்ளுறை வழிவிட்டது. கால் அதன் பழைய பள்ளத்தில் போய் உட்காருவது கையில் தெரிந்தது. கறுத்த நகம் எங்கும் இடிக்கவில்லை. வலது கால் அதைவிட நேரம் எடுத்தது. இருவருக்கும் வேர்த்துவிட்டது.

வெளியே கம்பி வடம் முனகத் தொடங்கியது. முதல் ரோப் கார் கிளம்புகிறது. கூட்டத்தின் கூச்சல் தெருவின் பனியைத் தாண்டி மங்கலாக வந்தது.

புர்கி கொக்கிகளைக் கீழிருந்து மாட்டிக்கொண்டே வந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதான மேல் கொக்கிக்குக் கை நீட்டியபோது ஹார்ட்விக்கின் விரல்கள் அதன்மேல் இருந்தன. வேண்டாமென்று தலையை அசைத்தார்.

பிறகு போர்வையை இழுத்து, முட்டிக்கொண்டு நின்ற இடத்தில் சுருக்கமில்லாமல் நீவினார். அடியில் மேல் கொக்கிகள் இரண்டும் திறந்து கிடந்தன.