சாரலில் வாங்கிய வண்டி

தென்காசியில் இருந்துகொண்டு ஒரு மனிதன் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு. ஆனிச் சாரலில் பழைய வேன் வாங்கக் கூடாது. ஒலி முகம்மது வாங்கினார். ஸ்டேஷனில் இறங்குகிறவர்களைக் குற்றாலத்துக்கு ஏற்றிப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஆசை. ஐந்தருவி வரை ஓட்டிப் பார்த்தார். குளுகுளுவென்று காற்று, கண்ணாடியில் பொடிப்பொடியாய்த் தூறல். சூடு காட்டும் முள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. வண்டியின் லட்சணம் சாரலில் தெரியுமா? மனிதர் அங்கேயே மயங்கிவிட்டார்.

வெயில் வந்ததும் வேன் தன் சுயரூபத்தைக் காட்டியது. பங்குனியில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலுக்குப் போனார். பாதி வழியில் முன்பக்கமிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. வந்தவர்கள் பிள்ளைகுட்டிகளோடு பஸ்ஸுக்கு நடந்தார்கள். ரேடியேட்டரை மாற்றினார், வாட்டர் பம்பை மாற்றினார், என்ஜினைப் பிரித்துப் பூட்டினார். மெக்கானிக் தங்கசாமி ஒவ்வொரு தடவையும், "இனிமே ஒரு தொந்தரவும் வராது பாய்" என்பான். அடுத்த வெயிலுக்கு மறுபடியும் ஆவி வரும். அது போதாதென்று பக்கக் கதவு வேறு பாதியில் நின்று மல்லுக்கட்டும். அது அவர் மனைவி ஜாஹிரா பீவி ஒருத்திக்குத்தான் அடங்கும். கைப்பிடியை லேசாகத் தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடிப்பாள், தடக்கென்று மூடிக்கொள்ளும்.

இத்தனை செலவும் யார் தலையில்? சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் மகன் இத்ரீஸ் தலையில். ஒவ்வொரு ரிப்பேருக்கும் அவன் லீவு தள்ளிப்போனது. பெற்ற பிள்ளையின் முகத்தை மூன்று வருடமாகப் போனில்தான் பார்க்கிறார்கள். அவன் இந்த வேனைக் கண்ணால் கண்டதே இல்லை, அதன் செலவைத்தான் கண்டான்.

"இந்த வண்டிக்குச் செஞ்ச செலவுல எம்புள்ளை நாலு தடவை வந்துட்டுப் போயிருப்பான்" என்று ஜாஹிரா பீவி ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். அது ஒலி முகம்மதுவின் நெஞ்சில் போய்க் குத்தியது. வேனைத் தலைமுழுகினால்தான் இந்த வருடமாவது பிள்ளை ஊர் வந்து சேருவான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

எப்படி விற்பது? வாங்கின மாதிரியேதான். இந்த வருடம் முதல் சாரல் விழுந்ததோ இல்லையோ, விடியும் முன்னே வண்டியை எடுத்தார். உள்ளூரில் விற்றால் நாளைக்குச் சட்டையைப் பிடிப்பான் என்று மலை தாண்டிக் கேரளத்துப் புனலூருக்கே போனார். அங்கே கொட்டுகிற மழையில் முள் அசையுமா என்ன? வண்டியை எடுத்துக்கொண்ட வியாபாரியிடம் கூசாமல், "பெத்த புள்ளை மாதிரி வச்சிருந்தேன், ஒரு குறையும் கிடையாது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். வீட்டுக்கு வந்து இரண்டு ரக்அத் கூடுதலாகத் தொழுதார். விற்ற கதையை இத்ரீஸிடம் மூச்சு விடவில்லை. அவன் நேரில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். ஜாஹிரா பீவி மகன் படுக்கும் அறைக்கு வெள்ளையடித்து, புதுத் தலையணையும் வாங்கிப் போட்டாள்.

இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால், இத்ரீஸின் கூட்டாளி சேக் தாவூது. கடையநல்லூர்க்காரன். அவனுக்குப் பின்னால், வானநீலத்தில் பளபளவென்று ஒரு வேன். முகப்பு முழுக்க மாலை, நம்பரைக்கூட மறைத்துக்கொண்டு தொங்கியது.

"மாமா, இத்ரீஸு உங்களுக்கு வாங்கிக் கொடுக்கச் சொன்னான். நேத்துதான் புனலூருல போயி முடிச்சேன். மலையாளத்தான் கைல இருந்தாலும் நம்ம ஊரு நம்பரே அமைஞ்சிட்டு பாத்துக்கிடுங்க! ஆர்சி புக்கு மட்டும் பொறவு தருவானாம்."

புனலூர் என்றதும் ஒலி முகம்மது வண்டியை ஏற இறங்கப் பார்த்தார். அங்கே ஆயிரம் வண்டி விற்கிறான், அதுவாகவா இருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

"மாமி, ஏறிப் பாருங்க" என்று சேக் தாவூது பக்கக் கதவைத் திறந்துவிட்டான். திரும்ப மூடப் போனால் கதவு பாதியில் நின்றுவிட்டது. தள்ளினான், முக்கினான், உதைக்காத குறை. "புதுப் பெயிண்டுல்லா, அதான் பிடிக்குது" என்று அசடு வழிந்தான்.

"தள்ளுப்பா" என்றாள் ஜாஹிரா பீவி. பழக்கதோஷத்தில் கைப்பிடியை லேசாகத் தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடித்தாள். தடக்கென்று மூடிக்கொண்டது.

அவள் கை கைப்பிடியிலேயே நின்றுபோயிற்று. மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் முன்னால் போய் மாலையை விலக்கினார். யா அல்லாஹ்! அதே நம்பர். அவர் கையாலேயே துடைத்துத் துடைத்துத் தேய்ந்த அதே நம்பர். அப்படியே பானட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சந்தோசத்துல உங்க வாப்பாவுக்குப் பேச்சு வரலைலே இத்ரீஸு" என்று சிரித்துக்கொண்டே சேக் தாவூது போனை நீட்டினான். திரையில் இத்ரீஸ். முகம் கறுத்து மெலிந்து, பல்லெல்லாம் சிரிப்பு.

"வாப்பா, பிடிச்சிருக்கா? அந்தப் பழைய வண்டியோட நீங்க ரோட்டுல நிக்கதை நெனச்சா எனக்கு இங்கன உறக்கமே இல்லை. அதான் டிக்கெட்டு காசு, லீவு சம்பளம் எல்லாத்தையும் போட்டு வாங்கிட்டேன். இந்த வருசமும் வர முடியாது வாப்பா. உம்மாட்ட நீங்கதான் சொல்லணும்."

உம்மா பக்கத்தில்தான் நின்றாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க வாப்பா, சத்தத்தைக் கேக்கணும்."

ஒலி முகம்மது ஏறி உட்கார்ந்தார். இரண்டு வருடமாக ஒவ்வொரு காலையிலும் பிஸ்மி சொல்லி, ஓடிவிடு என்று கெஞ்சின வண்டி. இன்றைக்கு முதல்முறையாக, ஓடாதே என்று கெஞ்சினார். சாவியைத் திருப்பினார். வெளியே நல்ல சாரல். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது.

"கேட்டியாலே சேக்கு, என்ன சுகமான சத்தம்!" என்று இத்ரீஸ் அங்கே கை தட்டினான். "வித்தவரு யாரோ ஒரு பெரியவராம் வாப்பா. அஞ்சு நேரமும் தொழுகுத ஆளு, பெத்த புள்ளை மாதிரி வச்சிருந்தாராம். அந்த மனுசருக்கும் அல்லாட்ட ஒரு துஆ கேளுங்க."

சேக் தாவூது போனை அவருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். மகன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒலி முகம்மது ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து ஏந்தினார்.