கட் சொன்ன பிறகு

விளம்பரப் படம் எடுக்கிறவன் வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. அவனுக்கு ஷோரீல் என்று ஒன்று வேண்டும். அதுவரை எடுத்த படங்களில் நல்ல துண்டுகளாகப் பொறுக்கி ஒட்டிய இரண்டு நிமிடம். என்னுடையதில் ஒரு பெயின்ட் டப்பா மெதுவாகத் திறக்கும். ஒரு டயர் தேங்கிய தண்ணீரைத் தெறிக்கவிட்டுப் போகும். ஒரு பிஸ்கட் பாலில் விழும். உண்மையைச் சொல்லப்போனால் டயர் நான் எடுத்ததில்லை. அந்தப் படத்தில் தண்ணீர் ஊற்றியது மட்டும்தான் நான்.

ஒன்பது மாதமாக வேலை இல்லை. கடைசியாக ஒரு பல் டாக்டருக்கு அவருடைய மருத்துவமனையைப் பற்றி ஒரு நிமிடப் படம் எடுத்துக் கொடுத்தேன். கூலிக்குப் பதிலாக என் கடைவாய்ப் பல்லை அடைத்துக் கொடுத்தார். அத்தான் இதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நான் இருந்தது அக்கா வீட்டில், துணி தேய்க்கும் மேசையும் பழைய சூட்கேஸ்களும் கிடக்கும் பின் அறையில். அத்தான் என்னை ‘டைரக்டர்’ என்றுதான் கூப்பிடுவார். டைரக்டர் சார் குப்பையை வெளியில் வைத்துவிடுகிறாரா, டைரக்டர் சாருக்கு இன்னொரு தலையணை வேண்டுமா என்பார். மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொல்கிறவர் இல்லை அவர். ஆனாலும் முப்பத்தெட்டு வயதில் குப்பைப் பையோடு படி இறங்கும்போது உடம்பு கூசத்தான் செய்தது.

விளம்பர ஏஜென்சிகளில் எல்லோரும் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். ஒரு ஏஜென்சியில் வேலை பார்க்கும் அம்மாள் மட்டும் என் எதிரிலேயே பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “உங்க படத்துல பொருளெல்லாம் நல்லா நடிக்குதுங்க. மனுஷங்கதான் ஒருத்தரையும் காணோம்.” இரண்டு மாடி இறங்கும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். மூன்றாவது மாடியில் திட்டு தீர்ந்துபோனது, ஏனென்றால் அவர் சொன்னது சரி.

ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார். காது மெஷின் செய்கிற கம்பெனி ஒன்று புது இயக்குநரைத் தேடுகிறதாம். அவர்களுக்கு மனிதர்கள் வேண்டும், கண்ணீர் வேண்டும். அப்படி ஏதாவது இருந்தால் ஷோரீலில் சேர்த்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னார்.

என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. பதினேழு விநாடி.

அக்கா ஒரு மருத்துவமனையில் டெலிபோன் எடுக்கும் வேலையில் இருந்தவள். நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காது போனது. டெலிபோனில் இருந்து தூக்கி ஃபைல் அறைக்கு மாற்றினார்கள். அவள் அழுது ஒருவரும் பார்க்கவில்லை. டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டுச் செய்தி வாசிப்பவர்களின் வாயைப் பார்த்துப் பார்த்து, உதட்டைப் படிக்கத் தானே கற்றுக்கொண்டாள். அதன் பிறகு வீட்டில் யாரும் முதுகைக் காட்டிக்கொண்டு பேசக் கூடாது, வாயில் எதையும் மென்றுகொண்டு பேசக் கூடாது. சண்டை வந்தால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அவ்வளவுதான், எதிராளி எவ்வளவு கத்தினாலும் வழக்கு முடிந்தது. மேல்முறையீடே கிடையாது என்பார் அத்தான்.

போன வருடம்தான் காசு சேர்த்துக் காது மெஷின் வாங்கினார்கள். அதைப் பொருத்துகிற அன்று அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் கூடப் போய் வீடியோ எடுத்து வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். திரைச்சீலை போட்ட ஜன்னல், ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு டிஷ்யூ பெட்டி. அவ்வளவுதான் அந்த அறை. மெஷினை மாட்டியதும் அக்கா காதை இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள். பிறகு டெலிபோனில் பேசுவதுபோல “ஹலோ” என்றாள். இன்னொரு முறை “ஹலோ”. என்னைத் திரும்பிப் பார்த்து, “இது என் குரலாடா? அம்மா குரல் மாதிரி இருக்கே” என்றாள்.

அப்புறம் அவள் முகம் உடைந்தது. இன்டர்நெட்டில் பார்க்கிற வீடியோக்களில் எல்லோரும் அழகாக அழுவார்கள். அக்கா அப்படி அழவில்லை. வாய் கோணி, மூக்கு ஒழுகி, அத்தனை வருடத்துக்கும் சேர்த்து அழுதாள். என் கையில் இருந்த போனைப் பார்த்ததும் கையை நீட்டி மறைத்தாள். போதும்டா, போதும், போதும், எடுக்காதே என்றாள்.

“நிறுத்திட்டேன்கா” என்று சொல்லிப் போனை நெஞ்சுக்கு இறக்கினேன். நிறுத்தவில்லை.

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற ஒரு சின்னக் களவு இது. ‘கட்’ என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, கேமராவை மட்டும் இன்னும் சில விநாடி ஓட விடுவோம். நடிப்பு முடிந்துவிட்டது என்று நினைத்து நடிகர்கள் முகத்தைத் தளர்த்துவார்கள். நாள் முழுக்கக் கேட்டும் வராத முகம் அப்போதுதான் வரும். பலருடைய ஷோரீலில் இருக்கும் நல்ல துண்டுகள் அப்படிக் கிடைத்தவைதான். யாரும் அதைத் திருட்டு என்று நினைப்பதில்லை. நடிகர்களுக்கும் தெரியும், சம்பளமும் வாங்குகிறார்கள். அக்காவுக்குத் தெரியாது. கை பழகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை பழகிவிட்டது என்றால் வீட்டுக்கு வந்ததும் அழித்திருக்கலாம் அல்லவா. ‘பல் டாக்டர்’ என்று பெயர் வைத்த ஃபோல்டருக்குள் ஒளித்து வைத்தேன். அத்தானிடம் இரண்டு ‘ஹலோ’ வரைக்கும்தான் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில், அவள் காதைத் தொடுவதில் இருந்து அழுகை வரைக்குமான அந்தப் பதினேழு விநாடியை ஷோரீலின் கடைசியில் ஒட்டினேன். அதில் நான் ‘நிறுத்திட்டேன்கா’ என்று சொல்வது தெளிவாகக் கேட்டது. என் குரலைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை. சத்தம் முழுவதையும் எடுத்துவிட்டு, ஒரு பியானோ இசையைப் போட்டேன். பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. வெட்கம் கெட்டவன், நன்றாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை கம்பெனியில் கூப்பிட்டார்கள். நீள மேசை, சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு காதின் படம். விளம்பரப் பொறுப்பாளர் பேனாவின் தலையை அழுத்திக்கொண்டே இருந்தார். அவர் பக்கத்தில் ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மாள். கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு புது மெஷினையும் போட்டுப் பார்த்துக் குறை சொல்வதுதான் அவர் வேலை என்று அறிமுகப்படுத்தினார்கள். அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காதாம்.

பெயின்ட் டப்பா திறந்தது, டயர் ஓடியது, பிஸ்கட் விழுந்தது. பொறுப்பாளரின் பேனா டிக் டிக் என்றது. அக்கா திரையில் வந்ததும் பேனா நின்றது. பியானோ முடிந்து விளக்கைப் போட்டபோது அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, யார் இந்த நடிகை என்று கேட்டார்.

“புதுமுகம்” என்றேன். வாய் கூசவில்லை.

அப்போதுதான் அந்த அம்மாள் பேசினார். சொல்லைச் சொல்லாக அளந்து வைத்துப் பேசுகிறவர். “அவங்க ‘போதும்’னு சொல்றாங்க. மூணு தடவை. ‘எடுக்காதே’ன்னும் சொல்றாங்க.”

என் முகத்தில் ஈயாடவில்லை. காது கேட்காதவர்களுக்கு விற்கிற பொருளுக்காக, காது கேட்காதவர்கள் பார்க்கப்போகிற படத்தில், சத்தத்தை அழித்துவிட்டால் சொன்னது அழிந்துவிடும் என்று நினைத்த மடையன் நான். இத்தனை நாள் அக்கா வீட்டில் இருந்தும் இது எனக்கு உறைக்கவில்லை. ‘போதும்’ என்று சொன்னால் உதடு இரண்டு தடவை சேரும். குருடன்கூடப் படித்துவிடுவான், நான் படிக்கவில்லை.

“அது வசனம்தான். நான் எழுதினது” என்றேன்.

பொறுப்பாளர் மேசையைத் தட்டினார். வசனத்தை எழுதிவிட்டு ஒலியை எடுத்துவிடுவது எப்பேர்ப்பட்ட யோசனை என்று அந்த அம்மாளிடம் வியந்தார். வேலை எனக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை, அதே பெண் நடிக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன். ஒன்பது மாதம் காத்திருந்த தலை, அது பாட்டுக்கு ஆடியது.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அந்த அம்மாள் வந்து பக்கத்தில் நின்றார். மெஷினை முதல் நாள் மாட்டுகிறவர்கள் எல்லோரும் காதை இரண்டு முறை தொட்டுப் பார்ப்பார்கள் என்றும், நடிக்கிறவர்களுக்கு அது தெரியாது என்றும் சொன்னார். யார் என்று கேட்டார். என் அக்கா என்றேன்.

“அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

நான் சொல்லி முடித்த பிறகும் அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ‘சரி’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை.

ஆனால் பஸ்ஸில் ஏறியதும் வீட்டுக்குச் செய்தி அனுப்பினேன், வேலை கிடைத்துவிட்டது என்று. அவமானம் ஒரு பக்கம் இருந்தாலும் பெருமை முந்திக்கொண்டது. நான் வீட்டுக்குள் நுழையும்போது அக்கா ஃபைல் அறையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அத்தான் எழுந்து நின்று கைகுலுக்கினார். “டைரக்டர்” என்றார். அன்றைக்கு அதில் கிண்டல் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

எந்தப் படத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள், காட்டு என்றாள் அக்கா. லேப்டாப்பில் சார்ஜ் இல்லை என்றேன். சார்ஜரை அவளே எடுத்து வந்து சொருகினாள். கடைசிப் பகுதி வருவதற்கு முன் நிறுத்திவிடலாம் என்று விரலைத் தயாராக வைத்திருந்தேன். பிஸ்கட் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எவ்வளவு அழகாக எடுத்திருக்கிறாய் என்று ஒருவேளை சொல்லிவிடுவாளோ, நடிக்கவும் சம்மதித்துவிடுவாளோ என்று ஒரு நப்பாசை. அந்த ஆசையோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா முன்னால் சாய்ந்தாள். முதலில் அது யார் என்றே அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னாள். போட்டேன். இரண்டாவது முறை அவள் படத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என் குரல் எங்கடா?” என்றாள். “நான் பேசினேனே. அம்மா குரல் மாதிரி இருக்குன்னு சொன்னேனே. அதை எங்க போட்டே?”

நான் லேப்டாப்பை மூடினேன். அத்தான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

“நிறுத்திட்டேன்னு சொன்னே” என்றாள் அக்கா. அவள் சத்தம் போடவில்லை. அவர்களிடம் என்ன சொன்னாய் என்று கேட்டாள். நடிகை என்று சொன்னதை, வசனம் என்று சொன்னதை, அவளுக்குத் தெரியும் என்று சொன்னதை எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றாக, அவள் கேட்கக் கேட்க, தரையைப் பார்த்துக்கொண்டு. முகத்தைக் காட்டிப் பேசு என்றாள். அந்த வீட்டின் சட்டம்.

பிறகு காதில் இருந்து மெஷினைக் கழற்றினாள். அதன் சின்ன டப்பாவில் வைத்து மூடினாள். கண்ணையும் மூடிக்கொள்வாள், வழக்கு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடிந்தால் தேவலை என்று இருந்தது. அவள் மூடவில்லை.

“இப்ப அவங்களுக்குப் போன் பண்ணு. என் எதிர்ல. நீ சொல்றதை நான் கேக்கப் போறதில்ல, பாக்கப் போறேன்.”

பண்ணினேன். பொறுப்பாளர் உற்சாகமாக எடுத்தார். அது நடிகை இல்லை, என் அக்கா என்றேன். அவள் போதும் என்று சொன்னது வசனம் இல்லை, என்னிடம் சொன்னது என்றேன். அவள் கேட்டும் நான் நிறுத்தவில்லை என்றேன். எதிர்ப் பக்கத்தில் டிக் என்று பேனாச் சத்தம் கேட்டது. நாங்கள் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

போனை வைத்தேன். அக்காவின் கண் என் உதட்டை விட்டு நகரவில்லை.

“மன்னிச்சிடுக்கா” என்றேன்.

“புரியல. திரும்பச் சொல்லு.”

உதடு ஒழுங்காகச் சேரவில்லை. திரும்பச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், புரியவில்லை என்று. முகத்தை நிமிர்த்தி, ஒவ்வோர் எழுத்தாக, குழந்தைக்குச் சொல்வதுபோல மூன்றாவது முறையும் சொன்னேன். எனக்கு மூக்கு ஒழுகியது. துடைக்கக் கை எழவில்லை.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். போதும் என்று அவள் சொல்லவில்லை.