நீதிபதிக்குத் தெரியாத தீர்ப்பு

லீட்ஸ் நீதிமன்றப் படியேறியபோது மேவிஸின் கைப்பையில் ஒரு தீர்ப்பின் நகல் இருந்தது. அது 1956 நவம்பர். அந்த வருடம் மார்ச்சில் இதே கட்டடத்தில், இதே நீதிபதி, எதிர்வீட்டு ஸ்டான்லிக்கு மணவிலக்குக் கொடுத்திருந்தார். ஸ்டான்லியின் மனைவி ஹில்டாவும் மேவிஸின் கணவன் நார்மனும் ஸ்கார்பரோ விடுதியில் ஒரே அறையில் தங்கியது நிரூபணமாயிற்று என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். காலைத் தேநீர் கொண்டுபோன பணிப்பெண் அன்று சாட்சி சொல்லியிருந்தாள்.

மேவிஸுக்கு வேண்டியது நார்மனிடமிருந்து விடுதலை. அவன் காலருக்குப் பதினான்கு வருடம் கஞ்சி போட்டது போதும்.

வக்கீல் லம்ப் அந்த நகலைத் தொடக்கூட இல்லை. அது ஸ்டான்லியின் வழக்கில் சொன்னது, அவள் வழக்கில் அது சாட்சியமாகாது, மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும் என்றார்.

"அதே நீதிபதிதானே, மிஸ்டர் லம்ப்?"

"அவரேதான். ஆனா சட்டப்படி அவருக்கு இப்ப எதுவும் தெரியாது, மிசஸ் சக்டன்."

"எங்க வீட்டுப் பூனைக்குக்கூட மீன்காரனை வருஷக்கணக்கா ஞாபகம் இருக்கு."

பணிப்பெண் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டிருந்தாள். ஹில்டாவைக் கூண்டில் ஏற்றினாலும், படுத்தாயா என்று அவளைக் கேட்கச் சட்டம் விடாது. தவறு செய்தவர்களின் கூச்சத்தின்மேல் சட்டத்துக்கு அவ்வளவு அக்கறை.

மார்ச்சில் நீதிமன்றப் பக்கமே வராத நார்மன் இன்று வந்திருந்தான். அந்தத் தீர்ப்பில் சொன்ன ஆள் தான் இல்லை, வேறு யாரோ என்று தேவாலயத்தில் சொல்லிவைத்திருந்தான். இன்னொரு தீர்ப்பும் வந்தால் அங்கே அவனுடைய பாடகர் குழுத் தலைமை போய்விடும். பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு, கேட்டதற்குமேலும் பேசினான்.

"தெருவுல பாத்தா தொப்பியைத் தொடுவேன், மை லார்ட், அவ்வளவுதான். அந்த மாதிரிப் பொம்பளையோட யாராவது அறை எடுப்பாங்களா?"

தன் தீர்ப்பையே அறியாத நீதிபதி தலையசைத்துக் குறித்துக்கொண்டார். மேவிஸுக்குச் சிரிப்பதா துப்புவதா என்று தெரியவில்லை.

கடைசி வரிசையில் ஹில்டா உட்கார்ந்திருந்தாள். நார்மன் தன்னைக் கட்டிக்கொள்வான் என்று எட்டு மாதமாக நம்பியிருந்தவள். எழுந்து லம்பிடம் வந்து ஏதோ சொன்னாள். சற்று நேரத்தில் அவளே கூண்டில் நின்றாள். பதில் சொல்லக் கட்டாயமில்லை என்று நீதிபதி எச்சரித்தார்.

"யாரும் கேக்க வேணாங்க, நானே சொல்றேன். ஸ்கார்பரோவுல மூணு ராத்திரி. இவரு மேல்வரிசைப் பல்லு பூரா செட்டு. கழட்டி என் தண்ணி கிளாஸ்லதான் போடுவாரு."

பாடகர் குழுவே பொறாமைப்பட்ட பல் அது. நார்மன் வாயை இறுக மூடிக்கொண்டான்.

அது உண்மைதான், மனைவியான தன்னைத் தவிர யாருக்கும் தெரியாத ரகசியம் என்று மேவிஸ் மறுபடி கூண்டேறிச் சொன்னாள். ஸ்கார்பரோ என்ற ஊரை வாழ்க்கையில் முதன்முறையாகக் கேள்விப்பட்டவர்போல நீதிபதி எழுத்துக்கூட்டி எழுதினார். மணவிலக்குக் கிடைத்தது.

வெளியே ஹில்டா தயங்கி நின்றாள். மேவிஸ் அவளை மன்னிக்கவில்லை.

"வேணும்னா அவனை நீயே வச்சுக்க."

"எனக்கும் வேணாங்க."

மேவிஸ் கையுறையை மாட்டிக்கொண்டு பேருந்தைப் பிடிக்க நடந்தாள்.