ரீஹாம் ஏறிய கார்

மகள் பிறந்த வருஷம் வாங்கிய கார் அது. வாங்கும்போதே கிழடு. அலெக்ஸாந்திரியாவில், பஹரி பேட்டையில் முடிதிருத்தும் ஷவ்கி, தொழில் மரியாதையாக ஊருக்கு 'உஸ்தா' ஷவ்கி, கடை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதன் வயிற்றுக்குள் கையை விட்டபடியே வாழ்ந்தவர். மகள் ரீஹாமைக் கல்யாண மண்டபத்துக்கு அதில்தான் கூட்டிப்போவேன் என்று பேட்டை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அடக்கமாகச் சொல்கிற ஆளும் இல்லை.

அந்தக் கார்தான் பூவும் ரிப்பனும் கட்டிக்கொண்டு வாசலில் அழிச்சாட்டியம் பண்ணியது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றியது, பற்றவில்லை. மேளக்காரர்கள் அடித்து அடித்துக் கை ஓய்ந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஹாஜ் பயூமி தன் புத்தம்புதுக் காரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்.

"உஸ்தா, ஒரு சவரம் பண்ணிப் பாருங்களேன். ஆகலேன்னா பொண்ண என் வண்டில ஏத்துங்க."

கூட்டம் சிரித்தது. ஷவ்கிக்குக் காது சுட்டது. ரீஹாம் வெள்ளைக் கவுனைச் சுருட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"எங்கப்பா வண்டி கிளம்பட்டும். நான் இங்கயே இருக்கேன்."

ஷவ்கி கோட்டைக் கழற்றினார். பெட்ரோல் வாசனை வந்தது, அதில் குறையில்லை. பொறியை உண்டாக்கும் காயிலிலிருந்து வரும் வயரைப் பிடுங்கி இரும்பருகே பிடித்து, மச்சினனைச் சாவி திருப்பச் சொன்னார். நீலப்பொறி சடசடவென்று தெறித்தது. வயரை மாட்டிவிட்டு, பிளக் வயர்களைச் சோதித்தார். ஒன்றிலும் பொறியில்லை. அப்படியானால் திருட்டு நடுவில்தான், பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில்.

மூடியைக் கழற்றினார். உள்ளே ஈரம் பூத்து, வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு. கடற்காற்றின் ஈரத்தைக் குடித்துக் கசிந்த உப்பு வழியே பொறி முழுவதும் ஓடிப்போயிருக்கிறது.

காலையில் சுத்தம் செய்ய மூடியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர், திரும்பி வந்து உள்ளே பார்க்காமலே மாட்டியிருந்தார். அவர் நிமிர்ந்து மனைவி இன்ஷிராஹைப் பார்த்தார். கண்ணேறு படாமலிருக்க மணமக்கள் தலையில் தூவும் கல்யாண உப்பை மடியில் முடிந்து வைத்திருந்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அருகில் வந்து கிசுகிசுத்தாள்.

"திறந்து கெடந்துச்சுங்க. உள்ளயும் கண்ணு படக்கூடாதேன்னு ஒரு பிடி போட்டேன்."

இருபத்தைந்து வருஷத்துக் கோபம் ஒன்று தொண்டைவரை வந்து, சிரிப்பாகி இறங்கியது. ஷவ்கி தன் கடையிலிருந்து, சவரத்துக்குப் பின் தடவும், ஸ்பிரிட் நெடியடிக்கும் கொலோன் பாட்டிலை எடுத்துவரச் சொன்னார். மூடியை அதில் நனைத்த துணியால் துடைத்து, ஊதிக் காயவைத்து மாட்டினார்.

சாவி திரும்பியது. கார் ஒரு இருமல் இருமி, அடித்தொண்டையில் உறுமிப் பிடித்துக்கொண்டது. பெண்கள் குலவையிட்டார்கள். ரீஹாம் ஓடி வந்து, எண்ணெய்க்கறையைப் பற்றிக் கவலைப்படாமல் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். தெரு முழுக்கப் பார்க்கட்டும் என்று அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

என்ன கோளாறு என்று ஹாஜ் பயூமி கேட்டார். "கண்ணேறுதான் ஹாஜ்" என்றார் ஷவ்கி, மனைவியைப் பார்க்காமலே. "எடுத்துட்டேன்."

பழக்கம் விடுமா? இன்ஷிராஹின் கை மறுபடி மடிக்குப் போயிற்று. ஷவ்கி பானெட்டைப் பட்டென்று மூடிவிட்டு, அவள் முன் தலையைக் குனிந்தார்.

"என் தலையில போடு. இன்னிக்கு ஊர்க்கண்ணு பூரா என் மேலதான்."